அறிவொளிக் காலம் சாதாரண மனிதனின் வாழ்க்கையைத் தொட்டதா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “வால்டேர், ரூசோ, மான்டெஸ்கியூ ஆகியோரின் எழுத்துகளே பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்று எல்லாக் கையேட்டிலும் ஒரு வரி வருகிறது. பாதிக்கு மேற்பட்ட மக்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாத காலத்தில் நாலைந்து பேர் எழுதிய புத்தகம் ஒரு சமூகத்தை மாற்றிவிடுமா? பகுத்தறிவு, அறிவொளிக் காலம் என்பதெல்லாம் பணக்காரர் வீட்டுக் கூடத்துப் பேச்சுதானே?” பார்த்தால் புரட்சியைப் பற்றிய கேள்வி. அறிவொளிக் காலம் என்பது, மரபையும் அதிகாரத்தையும் பகுத்தறிவால் கேள்வி கேட்ட ஐரோப்பாவின் பதினெட்டாம் நூற்றாண்டு; அவர் சொல்லும் மூவரும் அதன் பெயர்பெற்ற எழுத்தாளர்கள். ஆனால் அவரை உறுத்துவது புரட்சி இல்லை என்று நினைக்கிறேன். ஓர் எண்ணம் காகிதத்தை விட்டு இறங்கி யாரோ ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையைத் தொட்டது என்று ஓர் இடத்தையாவது கைவைத்துக் காட்ட முடியுமா என்று கேட்கிறார். முடியும்.

கல்லூரியில் பல ஆண்டுகளாக ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். அந்த ஒரு வரியோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. அது முழுப் பொய் இல்லை. ஆனால் இருப்பதிலேயே பலவீனமான தொடர்பை முன்னால் நிறுத்திவிட்டு, உறுதியாகக் காட்டக்கூடியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அறிவொளிக் காலத்தின் தடம் தெளிவாகப் பதிந்திருப்பது நீதிமன்றத்தில். ஒருவனைத் தண்டிக்கிற அதிகாரம், எதற்காகத் தண்டிக்கிறோம், எந்தச் சான்றை வைத்துத் தண்டிக்கிறோம் என்று ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்ற வழக்கம் அங்கேதான் வேர்பிடித்தது. ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது புரியும்.

தென் பிரான்ஸில் துலூஸ் நகரம். அங்கே ழான் காலாஸ் என்ற துணி வியாபாரி. கீழே கடை, மேலே வீடு. கத்தோலிக்க நாட்டில் அவர் குடும்பம் புராட்டஸ்டன்ட். மூத்த மகன் மார்க் அந்துவானுக்குச் சட்டம் படித்து வழக்கறிஞராக ஆசை, படித்தும் விட்டான். ஆனால் தொழிலுக்குள் நுழையக் கத்தோலிக்கன் என்று பாதிரியார் தரும் சான்றிதழ் வேண்டும். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. 1761 அக்டோபர் 13 இரவு, விருந்தாளி ஒருவரோடு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கீழே கடையில் அவன் பிணமாகக் கிடந்தான். யாரோ கொன்றுவிட்டார்கள் என்றுதான் குடும்பம் முதலில் சொன்னது. பிறகு, தூக்கில் தொங்கியதைக் கண்டோம் என்று மாற்றிச் சொன்னது. காரணம் இருந்தது. தற்கொலை செய்துகொண்டவனின் சடலத்தைத் தெருத்தெருவாக முகம் மண்ணில் படும்படி இழுத்துப் போவது அன்றைய சட்டம். பெற்ற பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் மறைத்தார்கள்.

அதற்குள் வாசலில் கூடிய கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அதனால் அப்பனே கொன்றுவிட்டான். அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஊர் நம்பியது. இறந்தவனைத் தியாகி என்று கத்தோலிக்க முறைப்படி ஊர்வலமாக எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். வழக்கு துலூஸின் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 13 நீதிபதிகளில் 8 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். 1762 மார்ச் 10 அன்று, அறுபதைத் தாண்டிய அந்த மனிதரை முதலில் இழுத்துக் கட்டி, பிறகு குடம்குடமாகத் தண்ணீரை வாய்க்குள் ஊற்றிச் சித்திரவதை செய்தார்கள். கூட்டாளிகளின் பெயரைக் கக்க வைப்பதற்காக. நான் நிரபராதி என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு கைகால் எலும்புகளை முறித்துச் சக்கரத்தில் கிடத்தினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள்.

அன்றைய பிரெஞ்சுக் குற்றவியல் நடைமுறை 1670இல் வந்த அரச ஆணையின்படி நடந்தது. விசாரணை மூடிய அறைக்குள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநேகமாக வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்புக்கு நீதிபதிகள் காரணம் எழுத வேண்டியதில்லை. சான்றுக்கு ஒரு கூட்டல் கணக்கு இருந்தது. கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் இருந்தால் முழுச் சான்று. மற்றவை அரைச் சான்று, கால் சான்று. வதந்திகளைக்கூடத் துண்டுதுண்டாகச் சேர்த்து முழுமையாக்கிவிடலாம். இந்தப் பழக்கத்தை வால்டேர் பிறகு கடுமையாகக் கிழித்தார்.

வால்டேருக்கு அப்போது அறுபத்தேழு வயது, ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஃபெர்னே என்ற ஊரில் இருந்தார். செய்தி வந்ததும் காலாஸ் நிரபராதி என்று அவர் குதித்து எழவில்லை. புராட்டஸ்டன்ட்டுகளின் மத வெறி மீதும் அவருக்கு வெறுப்பு உண்டு. அப்பன் கொன்றிருக்கவும் கூடும் என்றே முதலில் எண்ணினார். பிறகு ஜெனீவாவில் இருந்த இளைய மகனை வரவழைத்து விசாரித்தார், ஆட்களை விட்டுத் தகவல் திரட்டினார், தீர்ப்பை அதன் போக்கிலேயே வைத்துப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய ஒருவர், இருபத்தெட்டு வயது வலுவான மகனைத் தனியாகத் தூக்கில் போட முடியுமா? முடியாது. அப்படியென்றால் வீட்டில் இருந்த மற்றவர்களும் துணைபோயிருக்க வேண்டும்: தாய், தம்பி, விருந்துக்கு வந்த இளைஞன், வேலைக்காரப் பெண். அந்த வேலைக்காரப் பெண்ணோ தீவிரக் கத்தோலிக்கர். அந்த வீட்டின் இன்னொரு மகனை மதம் மாறத் தூண்டியவரே அவர்தான். மதம் மாறப் போகிறவனைக் கொல்ல அவர் கைகொடுத்திருப்பாரா? ஐவரும் சேர்ந்து செய்த குற்றம் என்றால் ஒருவரை மட்டும் கொன்றுவிட்டு, தம்பியை நாடு கடத்தி, மற்ற மூவரை விட்டது எப்படி? நீதிமன்றமே தன் தீர்ப்பை நம்பவில்லை என்று இதிலிருந்து தெரிந்தது.

வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். பகுத்தறிவு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இவ்வளவு எளிய, இவ்வளவு பொறுமையான வேலை. இன்னார் எங்கே இருந்தார், இன்னது நடக்க முடியுமா, முடியும் என்றால் வேறு எதெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும்.

அடுத்து வால்டேர் செய்ததுதான் புதுமை. வழக்கை அரண்மனைக்குள் காதோடு காதாக முடிக்கப் பார்க்காமல் தெருவுக்குக் கொண்டுவந்தார். காலாஸின் விதவையைப் பாரிஸுக்கு அனுப்பினார். வழக்கறிஞர்கள் அவருக்காக எழுதிய மனுக்கள் அச்சாகி விற்றன. வழக்கறிஞர் கையெழுத்திட்ட மனுவுக்கு முன்தணிக்கை இல்லை என்பது அன்றைய சட்டத்தில் இருந்த ஓர் இடுக்கு. அதன் வழியாக ஒரு கொலை வழக்கு நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. 1763இல் சகிப்புத்தன்மை பற்றிய நூலை வால்டேர் வெளியிட்டார். துலூஸ் தீர்ப்பை 1764இல் அரசரின் மன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு வந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த 1765 மார்ச் 9 அன்று காலாஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. குடும்பத்துக்கு அரசர் 36,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தார்.

இதே சமயத்தில் மிலானில் செசாரே பெக்காரியா என்ற இருபத்தாறு வயது இளைஞர் சிறிய புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய அந்த நூல் 1764இல் லிவோர்னோ நகரில் பெயர் போடாமல் அச்சானது. அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர் இல்லை. சிறைக்குள் நடப்பது அவருக்கு நண்பர் அலெஸ்ஸாண்ட்ரோ வெர்ரி மூலம் தெரியவந்தது. கைதிகளின் நலனைக் கவனிக்கும் பதவியில் இருந்தவர் வெர்ரி. சித்திரவதைக்கு எதிராகப் பெக்காரியா வைத்த வாதம் நாலு வரியில் அடங்கும். குற்றம் உறுதியாகிவிட்டதா? சட்டம் சொல்லும் தண்டனையைக் கொடு, சித்திரவதை தேவையில்லை. உறுதியாகவில்லையா? அப்படியானால் உன் முன் நிற்பவன் சட்டத்தின் கண்ணில் நிரபராதி. நிரபராதியை எப்படி வதைப்பாய்? மேலும், வலியைத் தாங்கும் முரட்டுக் குற்றவாளி தப்பிப்பான், தாங்க முடியாத அப்பாவி செய்யாததை ஒப்புக்கொள்வான். அப்படியென்றால் அங்கே சோதிக்கப்படுவது உண்மை இல்லை, நரம்பும் தசையும். தண்டனை கொடூரமாக இருப்பதைவிடத் தப்பாமல் கிடைப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்றும், மரண தண்டனையே கூடாது என்றும் எழுதினார். திருச்சபை 1766இல் நூலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் வால்டேர் அதற்கு விரிவான விளக்கவுரை எழுதினார். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1767இல் சட்டச் சீர்திருத்தத்துக்கு எழுதிய வழிகாட்டுதலில் இதன் பக்கங்கள் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றன.

இனி தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஆஸ்திரியாவில் மரியா தெரேசா 1768இல் வெளியிட்ட குற்றவியல் சட்டத் தொகுப்பில், சித்திரவதைக் கருவிகளை எப்படிப் பூட்டுவது, எந்தக் கோணத்தில் கட்டுவது என்று படம் போட்டு விளக்கியிருந்தது. எட்டே ஆண்டில், 1776இல், அதே அரசி சித்திரவதையை ஒழித்தார். ஸ்வீடனில் 1772. பிரான்ஸில் வாக்குமூலம் வாங்குவதற்கான சித்திரவதை 1780இல் போனது. கூட்டாளிகளைச் சொல்ல வைக்க மரண தண்டனைக்கு முன் செய்வது, அதாவது காலாஸுக்குச் செய்தது, 1788இல் நிறுத்தப்பட்டு 1789இல் முற்றாக ஒழிந்தது. இத்தாலியின் டஸ்கனியில் 1786இல் சித்திரவதையோடு மரண தண்டனையும் நீங்கியது. 1789 ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் எட்டாம், ஒன்பதாம் பிரிவுகளைப் படியுங்கள். மிகத் தேவையான தண்டனையை மட்டுமே சட்டம் விதிக்கலாம். குற்றவாளி என்று முடிவாகும்வரை ஒருவர் நிரபராதி. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். புத்தகம் அவன் கைக்கு வரவில்லை. ஆனால் அவன் எலும்பு முறிவது நின்றது.

இதுவரை சொன்ன நிகழ்ச்சிகளில் சந்தேகம் இல்லை. சந்தேகம் ‘காரணம்’ என்ற இடத்தில் வருகிறது. ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் பட்டத்துக்கு வந்த சில நாட்களிலேயே, 1740இல், ஒருசில குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குச் சித்திரவதையை நிறுத்திவிட்டார். பெக்காரியாவுக்கு அப்போது வயது இரண்டு. அதற்கும் நூறாண்டுக்கு முன்பே, 1631இல், சூனியக்காரிகள் என்று பெண்களை வதைப்பதை எதிர்த்து எழுதியவர் ஃபிரெடரிக் ஷ்பே என்ற யேசு சபைப் பாதிரியார். சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பெய்ன் இன்னொன்றைச் சுட்டிக்காட்டுகிறார்: முழுச் சான்று இல்லாவிட்டாலும் கப்பலில் துடுப்புத் தள்ள அனுப்புவது, உழைப்புக் கூடத்தில் அடைப்பது போன்ற குறைந்த தண்டனைகளைக் கொடுக்கலாம் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே நீதிமன்றங்கள் பழகிவிட்டன. வாக்குமூலத்தைப் பிழிந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அப்போதே தளர்ந்துவிட்டது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன், ஆனால் முழுமையாக இல்லை. பழக்கம் தளர்ந்தது என்பது சரி. அரசன் மனம்வைத்து நிறுத்திய ஒன்றை அடுத்த அரசன் மீண்டும் கொண்டுவரலாம். அதை ஒவ்வொருவரின் உரிமை என்று ஆக்கியது வாதம்தான். அந்த வாதத்தைப் பெக்காரியாவும் வால்டேரும் கட்டினார்கள்.

இப்போது கையேட்டு வரிக்கு வருகிறேன். 1910இல் டேனியல் மோர்னே என்ற ஆய்வாளர், பதினெட்டாம் நூற்றாண்டுத் தனியார் நூலகங்களின் ஏலப் பட்டியல்கள் 500ஐ எடுத்துப் பார்த்தார். ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ புரட்சிக்கு முன் எத்தனை வீட்டில் இருந்தது? ஒரே ஒரு பிரதி அகப்பட்டது. இந்த எண்ணை அப்படியே வைத்து வாதாடக் கூடாது, ஏனென்றால் தடைசெய்யப்பட்ட நூல்கள் ஏலப் பட்டியலில் வராது, ரூசோவின் மற்ற நூல்கள் அமோகமாக விற்றன. ஆனாலும் யோசிக்க வைக்கும் எண் அது. எழுத்தறிவைத் திருமணப் பதிவேட்டில் இட்ட கையெழுத்தை வைத்துக் கணித்திருக்கிறார்கள்: 1680களின் கடைசியில் ஆண்களில் 29 சதவீதம், பெண்களில் 14 சதவீதம் கையெழுத்திட்டார்கள், 1780களின் கடைசியில் அது 47, 27 ஆனது. 1789இல் ஊர்தோறும் எழுதி அனுப்பிய குறை மனுக்களில் இருப்பது உப்பு வரி, பிரபுக்களின் வேட்டை உரிமை, தசமபாகம் என்று விளைச்சலில் திருச்சபைக்குத் தர வேண்டிய பங்கு. தத்துவம் மிகக் குறைவு. ரொஜே ஷார்த்தியே என்ற வரலாற்றாசிரியர் கேள்வியையே திருப்பிப் போட்டார்: அறிவொளி புரட்சியைப் பெற்றதா, இல்லை, தனக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் வேண்டும் என்று புரட்சிதான் அறிவொளியைத் தேடிப் பிடித்ததா? வால்டேரின் எலும்புகளை 1791இலும் ரூசோவின் எலும்புகளை 1794இலும் ஊர்வலமாகக் கொண்டுபோய், பெரியோருக்கான நினைவு மண்டபமான பாந்தியோனில் வைத்தது புரட்சி அரசு. புரட்சியின் நெருக்கமான காரணங்களைக் கேட்டால் அரசின் கடன், 1788இன் மோசமான விளைச்சல், ரொட்டி விலை ஆகியவற்றை நான் முன்னால் வைப்பேன். மாற்று ஏற்பாடு ஒன்றைக் கற்பனை செய்யும் சொற்களை அறிவொளி கொடுத்தது என்பது வரைக்கும் தைரியமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் ஊகம்.

எண்ணங்கள் புத்தகம் படிக்காதவர்களிடமும் மாறிக்கொண்டிருந்தன என்பதற்கு மிஷேல் வோவெல் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். தெற்கே ப்ரோவான்ஸ் பகுதியில் மக்கள் எழுதிவைத்த உயில்களை ஆயிரக்கணக்கில் படித்தார். என் ஆன்மா இளைப்பாற இத்தனை பூசை வையுங்கள் என்று கேட்பது நூற்றாண்டின் நடுவிலிருந்து தொடர்ந்து குறைகிறது. இவர்கள் வால்டேரைப் படித்து மாறியவர்களா? அநேகமாக இல்லை. வால்டேரை உண்டாக்கிய ஏதோ ஒன்று இவர்களையும் உண்டாக்கியிருக்கலாம். இங்கே நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கூடத்துப் பேச்சு என்று நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. திதெரோவும் தலம்பேரும் தொடங்கிய கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை வெளிவந்தது: எழுத்து 17 தொகுதி, படம் 11 தொகுதி. முதல் பதிப்பின் விலைக்கு ஒரு கூலித் தொழிலாளி ஆண்டு முழுக்கச் சம்பாதித்தாலும் காணாது. ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். குண்டூசி செய்வதில் உள்ள 18 வேலைகளையும் ஒன்றொன்றாக விவரிக்கும் கட்டுரை. கண்ணாடி ஊதுபவர், தோல் பதனிடுபவர், அச்சுக் கோப்பவர் ஆகியோரின் கருவிகள் ஆணி ஆணியாக வரைந்த படங்கள். கைத்தொழிலைத் தத்துவத்துக்குச் சமமாக ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். 1759இல் அரசு உரிமத்தைப் பறித்தது. அரசின் கெடுபிடி வந்தபோது, தணிக்கைத் துறையின் தலைவர் மால்ஷெர்ப், பறிமுதல் செய்ய வேண்டிய கைப்பிரதிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். இதே மால்ஷெர்ப்தான் பின்னாளில் புராட்டஸ்டன்ட்டுகளுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பைச் சட்டப்படி பதியும் உரிமை தந்த 1787ஆம் ஆண்டு ஆணைக்காகப் பாடுபட்டவர். பாதிரியார் கைநாட்டு இல்லாவிட்டால் நீ சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை என்ற நிலை, மார்க் அந்துவானின் வாழ்க்கையை முடக்கிய அந்த நிலை, அதோடு உடைய ஆரம்பித்தது. எண்ணங்கள் தானாகப் பறந்து போய்ச் சட்டமாகவில்லை. இப்படிப்பட்ட அதிகாரிகள் தூக்கிச் சுமந்தார்கள். புரட்சியின் தேசிய மன்றத்தில் அரசர் பதினாறாம் லூயிக்காக வாதாட முன்வந்த அவரை 1794இல் கில்லட்டினில் கொன்றார்கள்.

அம்மை குத்துதலையும் சொல்லியாக வேண்டும். பெரியம்மைப் புண்ணின் சீழை எடுத்து உடலில் ஏற்றி, லேசான நோயை வரவழைத்துக் காப்பது ஐரோப்பியத் தத்துவவாதிகளின் கண்டுபிடிப்பு இல்லை. கான்ஸ்டான்டினோப்பிளில் கிழவிகள் செய்வதைப் பார்த்து மேரி வோர்ட்லி மான்டகு 1718இல் தன் மகனுக்குச் செய்வித்தார். பாஸ்டனில் அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. 1721 கொள்ளைநோயில் அங்கே இயற்கையாக நோய் கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் இரண்டு பேர் அளவில். அதை ஆதரித்தவர் ஒரு மதபோதகர், எதிர்த்து முன்னணியில் நின்றவர் ஒரு மருத்துவர். மதம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டு இறப்பு விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று பொதுமக்கள் முன் வாதாடியது அறிவொளிக் காலத்தின் பங்கு. பதினைந்தாம் லூயி 1774 மே மாதம் பெரியம்மையில் இறந்தார். அடுத்த மாதமே புதிய அரசர் தனக்குக் குத்திக்கொண்டார்.

தோற்ற இடங்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மனிதர் எல்லோருக்கும் அறிவு உண்டு என்றவர்களே ‘எல்லோரும்’ என்பதற்கு வேலி போட்டார்கள். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1753இல் தன் கட்டுரைக்குச் சேர்த்த அடிக்குறிப்பிலும், ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1764இல் எழுதிய நூலிலும் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு எரியும். காலத்தின் குறை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்சே 1781இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதினார், 1790இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். ஒலாம்ப் தெ கூஜ் 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். 1793இல் அவர் தலை வெட்டப்பட்டது. பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கில், இன்றைய ஹெய்ட்டியில், அடிமைகள் 1791 ஆகஸ்டில் எழுந்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மன்றம் அடிமை முறையை ஒழித்தது தத்துவவாதிகள் கெஞ்சியதால் இல்லை. அந்தப் போர் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அன்று உறுப்பினராக அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர் ழான் பாத்தீஸ்த் பெல்லே, ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். நெப்போலியன் 1802இல் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஹெய்ட்டி மட்டும் பணியவில்லை. 1804இல் தனி நாடானது.

நம் மண்ணோடு இதற்குள்ள தொடர்பு இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் பெருமைப்படும்படியானவை அல்ல. காலாஸ் வழக்கில் சான்றை அவ்வளவு பொறுமையாகச் சலித்த வால்டேருக்கு, 1760இல் நம் கடற்கரையிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் ‘எசூர் வேதம்’ என்ற கைப்பிரதியைக் கொடுத்தார். அலெக்சாண்டர் காலத்துக்கும் முந்தைய இந்திய நூல், கிறிஸ்தவத்துக்கு முன்பே ஒரே கடவுள் கொள்கை இருந்ததற்குச் சான்று என்று வால்டேர் கொண்டாடி, அரசரின் நூலகத்தில் சேர்த்தார். அது பிரெஞ்சுப் பாதிரிமார் மதப் பிரசாரத்துக்காக எழுதியது. மூலக் கைப்பிரதிகளைப் புதுச்சேரியில் பார்த்து விவரமாக எழுதியவர் நமக்குத் தெரிந்த எல்லிஸ் துரை, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் சொன்ன அதே எல்லிஸ். தனக்குப் பிடித்த முடிவைத் தரும் சான்றை வால்டேரும் சோதிக்காமல் விட்டார்.

இரண்டாவது இன்னும் வலிக்கும். ஐரோப்பாவில் சித்திரவதை ஒழிந்து இரண்டு தலைமுறை கழித்து, 1855இல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. நிலவரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கீழ்நிலை அலுவலர்கள் குடியானவர்களை வதைத்ததை அது பதிவு செய்தது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் என்ற நம் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் இருக்கின்றன. அதைச் செய்தவர்கள் நம்மவர்கள். வரியை வாங்கிக்கொண்டது கம்பெனி. லண்டனில் பெக்காரியாவைப் படித்த கனவான்களுக்கு அது நெடுநாள் உறைக்கவில்லை. இந்தப் பின்னணியில்தான், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவானது. 2023இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. காவல் நிலையத்துக்கு ஒருவரை இழுத்துப் போகும்போது அவருக்கு இருக்கும் பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று.

உங்கள் தேர்வில் அந்த ஒரு வரி ஒரு மதிப்பெண் வினாவாக வந்தால், கையேட்டில் உள்ளதையே எழுதிவிடுங்கள். விரிவாக எழுத இடம் கிடைத்தால் ரூசோவில் தொடங்காதீர்கள். 1762இல் துலூஸில் தொடங்கி, 1764, 1780, 1787, 1789 என்று சட்டங்களின் வழியே வாருங்கள். 1740இன் பிரஷ்யாவை மறைக்காமல் சொல்லுங்கள், ஹெய்ட்டியை விட்டுவிடாதீர்கள். கூடத்துப் பேச்சுதானே என்ற உங்கள் சந்தேகத்தையும் அதில் எழுதுங்கள். திருத்துபவர் நல்லவராக இருந்தால் அதற்கும் மதிப்பெண் போடுவார்.